வலி வரவழைக்கும் மருந்து



தலவாக்கலையை விட்டு நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதம் எங்கள் வட்டகொடையில் சற்று நின்று மூச்சு வாங்கிச் செல்லும். 1885ஆம் ஆண்டிலே இருப்புப்பாதை நானுஓயாவை எட்டிய பின்னர், இம்மலைகளின் தேயிலை கொழும்புக்கு இறங்குவதற்கு நல்ல வழி பிறந்தது. பிள்ளை பெறப்போகும் ஒரு பெண் லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு இறங்குவதற்கு வழி பிறக்க அதற்குப் பின்னும் பல காலம் சென்றது. அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித்தான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் சிறுவனாயிருந்த காலம். 1980ஆம் ஆண்டை ஒட்டியது. எங்கள் லயத்தின் கோடிக் காம்பிராவில் ஒரு பெரியம்மா இருந்தார். இரத்த உறவினர் அல்லர்; லயத்திலே எல்லோரும் ஏதேனும் ஒரு முறையினர்தாமே. அவருக்கு அது நாலாம் பேறு. இரண்டு நாட்களாக வலி வருவதும் போவதுமாக இருந்தது. சூட்டு வலியாயிருக்கும் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், ஊசி போடத் தெரிந்த ஒருவரை யாரோ அழைத்து வந்தார்கள். வலிக்கு ஊசி போட்டாயிற்று. கால் மணி நேரத்துக்குள் வலி வந்தது. வந்த வலி விடவேயில்லை. கொழுந்து ஏற்றும் லொறியிலே அவரைக் கிடத்திக்கொண்டு போனார்கள். குழந்தை பிழைக்கவில்லை. கிழிந்திருந்த கருப்பையை அகற்றித்தான் தாயின் உயிரைக் காத்தார்கள்.

பல ஆண்டுகள் கழிந்து, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த என்னிடம் அந்தப் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். “போட்ட ஊசிய திரும்ப எடுக்க முடியாதா ராசா?” படித்தவன் என்று நம்பிக் கேட்ட கேள்வி. என்னிடம் விடையில்லை. நான் மருத்துவன் அல்லன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் பின்னாளில் இம்மருந்துகளின் வரலாற்றை ஒருவாறு படித்தபோது, அந்தக் கேள்வியே அவ்வரலாறு முழுவதற்கும் அச்சாணியாக இருப்பதைக் கண்டேன். பிரசவத்தைத் தூண்டும் மருந்துகள் இரு வகையின. கொடுத்தபின் நிறுத்தக்கூடியவை ஒருவகை. நிறுத்த முடியாதவை மற்றொருவகை.

மருந்தின் கதைக்குப் போகுமுன் உடலின் கதையைச் சிறிது சொல்லிவிடுகிறேன். பிரசவ வலி என்பது கருப்பையின் தசை இறுகுவதால் உண்டாவது. அத்தசை இறுகும்போது நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதி குறைகின்றது. தளரும்போது குருதி மீண்டும் பாய்கின்றது. குழந்தைக்கு வேண்டிய பிராணவாயு அதனோடு வருகின்றது. கூடை சுமந்து மலையேறுகின்றவள் இடையிடையே நின்று மூச்சு வாங்குவதைப்போல, ஒவ்வொரு வலிக்கும் இடையிலுள்ள ஓய்விலேதான் வயிற்றிலிருக்கும் குழந்தை மூச்சு வாங்குகின்றது என்று கொள்ளலாம். வலி குழந்தையை வெளியே தள்ளுகின்றது. வலிக்கு இடையிலுள்ள ஓய்வு அதை உயிரோடு வைத்திருக்கின்றது. எந்த மருந்தாயினும் அந்த ஓய்வைப் பறிக்குமாயின் அங்கே ஆபத்துத் தொடங்குகின்றது.

ஐரோப்பாவில் ரை என்றொரு தானியம் விளைகின்றது. ஈரமான ஆண்டுகளில் அதன் கதிரில் கறுத்த கொம்பு போன்ற ஒருவகைப் பூஞ்சணம் பற்றும். எர்கொட் என்பது அதன் பெயர். அது கலந்த மாவை உண்டவர்களுக்குக் கைகால் கருகி விழுந்ததுமுண்டு. எனினும் அதே நஞ்சு கருப்பையை இறுகச் செய்யும் என்பதை அங்குள்ள மருத்துவச்சிகள் அறிந்திருந்தார்கள். 1582ஆம் ஆண்டிலே ஜெர்மானியரான அடம் லொனிட்சர் தம் மூலிகை நூலில் அதனைக் குறித்து வைத்தார். 1808இல் ஜோன் ஸ்டேர்ன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் நியூயோர்க்கிலுள்ள மருத்துவ ஏடொன்றுக்கு இப்பொடியைப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதினார். நீடித்துக்கொண்டே போகும் பிரசவத்தை இது விரைவுபடுத்துகின்றது, மருத்துவருடைய நேரமும் பெரிதும் மிச்சமாகின்றது என்பது அவர் கண்ட நன்மை. நேயர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மருந்தோடு கூடவே, யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதற்கு என்னும் வினாவும் அன்றே பிறந்துவிட்டது.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1822இல் அதே நியூயோர்க்கின் டேவிட் ஹொசாக் என்னும் மருத்துவர், இப்பொடி வழக்கத்துக்கு வந்தபின் அந்நகரில் குழந்தைகள் இறந்து பிறப்பது பெருகிவிட்டதென்று எச்சரித்தார். பேற்றுப் பொடி என்று பெயர் பெற்ற அதனைச் சாப் பொடி என்றழைப்பதே பொருந்தும் என்பது அவர் கருத்து. குழந்தை பிறந்தபின் தாய்க்கு உண்டாகும் குருதிப் பெருக்கை நிறுத்துவதற்கு மாத்திரம் அதனைப் பயன்படுத்தலாம் என்று அவர் வரையறுத்தார். அவர் சொன்னது சரியே. எர்கொட்டினால் இறுகிய கருப்பை எளிதில் தளர்வதில்லை. குழந்தை உள்ளே இருக்கையில் அது மரணம். குழந்தை வெளியே வந்தபின் அதுவே தாயைக் காக்கும் கட்டு. 1935இல் எர்கொட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எர்கொமெட்ரின் என்னும் மருந்து பேற்றுக்குப் பிந்திய குருதிப் பெருக்கிலே எண்ணிறந்த தாய்மாரைக் காப்பாற்றியிருக்கின்றது. ஒரே பொருள் ஐந்து நிமிடம் முன்னதாகக் கொடுத்தால் நஞ்சு. பின்னதாகக் கொடுத்தால் மருந்து!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த எர்கொட்டை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞர் வேறொன்றைத் தற்செயலாகக் கண்டார். மூளையின் அடியிலே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் சினைப்பூனைக்குச் செலுத்தியபோது அதன் கருப்பை இறுகியது. இது 1906இல் வெளியாயிற்று. 1909இல் லிவர்பூலைச் சேர்ந்த பிளேர் பெல் அச்சாற்றைப் பேற்று மருத்துவத்திலே பயன்படுத்தினார். 1911 முதல் பிரசவ வலியை ஊக்குவதற்கே அதனைக் கொடுக்கலாயினர். அப்போது அது தசையில் போடும் ஊசியாக இருந்தது. ஊசி உள்ளே போனபின் கட்டுப்பாடு எவர் கையிலும் இல்லை. கருப்பை கிழிந்த செய்திகளும் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்த செய்திகளும் விரைவில் வரத் தொடங்கின. எங்கள் பெரியம்மாவுக்குப் போடப்பட்ட ஊசியும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததாகத்தான் இருந்திருக்க வேண்டும். உலகம் ஏற்கெனவே கைவிட்டுவிட்ட ஒரு முறை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் எங்கள் லயத்தில் உயிரோடு இருந்தது.

உலகம் அதனைக் கைவிடக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் தியோபோல்ட். 1948இல் அவர் அச்சாற்றை மிகச் சிறிய அளவில் நீர்க்கரைசலிலே கலந்து, நரம்பின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் முறையை வெளியிட்டார். எளிமையான எண்ணம்தான். சொட்டுகளை எண்ணலாம், கூட்டலாம், குறைக்கலாம், குழாயின் திருகை மூடினால் முற்றிலும் நிறுத்தலாம். அம்மருந்து குருதியில் சில நிமிடங்களே தங்குமாதலால், திருகை மூடினால் மருந்தின் வேகமும் சிறிது நேரத்திலேயே தணியும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாதா என்ற கேள்விக்கு உலகம் கண்ட முதல் விடை அதுவே. அக்கேள்வி எங்கள் லயத்திலே எழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை பிறந்துவிட்டது!

1953இல் அமெரிக்க இரசாயன அறிஞர் வின்சன்ட் டு விக்னோட், சுரப்பியை நாடாமல் ஆய்வுகூடத்திலேயே ஒக்சிடோசினை ஆக்கிக் காட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வலுவுடையதாக இருந்த தொல்லை அத்துடன் நீங்கிற்று. ஆனால் சொட்டு முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. திருகை மூடுவதற்கு அருகில் ஓர் ஆள் வேண்டும். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றது, குழந்தையின் இதயத்துடிப்புத் தளர்கின்றதா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் டப்ளின் நகரின் தேசிய மகப்பேற்று வைத்தியசாலையிலே கீரன் ஓ’டிரிஸ்கோல் என்பவர் முதற்பேற்றுப் பெண்களுக்கு இம்மருந்தைத் தாராளமாகக் கொடுத்து நீண்ட பிரசவங்களைக் குறுக்கினார். அங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மருத்துவமாது பக்கத்திலேயே இருந்தார். அந்த முறை உலகெங்கும் பரவியபோது சொட்டு மருந்து எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலிருந்த மருத்துவமாது பல இடங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்து வந்தவை மாத்திரைகளும் களிம்புகளும். 1968இல் கம்பாலாவில் கரீம் என்பவரும் அவருடைய துணைவர்களும் புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருளால் பிரசவத்தைத் தூண்டியதை எழுதினார்கள். வயிற்றுப்புண்ணுக்காக ஆக்கப்பட்ட மிசோப்ரோஸ்டோல் என்னும் மாத்திரை, 1990களிலே பேற்று அறைகளுக்குள் நுழைந்தது. விலை மலிவு, குளிரூட்டி வேண்டியதில்லை, ஏழை நாடுகளுக்கு ஏற்றது. ஆயினும் அதிலே ஒரு பொறி இருந்தது. வழக்கமான மாத்திரை 200 மைக்ரோகிராம். பிரசவத்தைத் தூண்டுவதற்கு வேண்டியதோ ஒரு வேளைக்கு 25 மைக்ரோகிராம். அதாவது எட்டில் ஒரு பங்கு. சிறு மாத்திரையை எட்டாகப் பிளப்பது யாருக்குச் சரியாக வரும்? அளவு மிஞ்சிவிட்டால் கரைந்த மாத்திரையைத் திரும்ப எடுக்க வழியில்லை. 2000ஆம் ஆண்டில் அதனைத் தயாரித்த நிறுவனமே, கருப்பை கிழிந்ததையும் உயிர்கள் போனதையும் குறிப்பிட்டு மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் சிறிய அளவைத் திட்டமாக வரையறுத்து, முன்னர் சத்திரசிகிச்சையால் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பேற்றைத் தூண்ட இதனைக் கொடுக்கலாகாது என்றும் கூறியது. பழைய தழும்பு கிழியும் என்பதே காரணம்.

இதற்கிடையில், மிகப் பழைய முறையொன்று மதிப்பாகத் திரும்பி வந்திருப்பது எனக்கு வியப்பளிக்கின்றது. சிறு பலூன் பொருத்திய குழாயொன்றைக் கருப்பை வாயில் வைத்து நீரால் ஊதி, அவ்வாயை மெல்லத் திறக்கச் செய்வது அது. மருந்தே இல்லை. வேண்டாமென்றால் நீரை வடித்து எடுத்துவிடலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேற்று மருத்துவம் தமிழிலே அச்சேறியது நெடுங்காலத்துக்கு முன்னர். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857ஆம் ஆண்டிலேயே அத்துறை நூலொன்றைத் தமிழிலே தந்தார். 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் கொழும்பிலே பிரசவ வைத்தியசாலை எழுந்தது. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டு, வீடு தேடி வரும் மருத்துவமாது என்னும் அரிய ஏற்பாடு வேரூன்றியது. தோட்டங்களுக்கு 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் இருந்தன. ஆனால் தோட்டத்துச் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. நாட்டின் பொதுச் சேவை லயத்துப் படியேறி வரத் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்துக்குள்ளேதான் எங்கள் பெரியம்மாவின் லொறிப் பயணம் நிகழ்ந்தது.

1930களிலே இலங்கையில் இலட்சம் பேறுகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அத்தொகை முப்பது அளவுக்கு இறங்கிற்று. 1985 முதல் ஒவ்வொரு தாயின் மரணமும் கட்டாயம் அறிவிக்கப்பட்டு ஆராயப்படுகின்றது. ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. இவற்றைச் சொல்லும்போது நமக்குப் பெருமை உண்டாவது இயல்பே. அந்தப் பெருமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கின்றது.

2004 முதல் 2008 வரை உலக சுகாதார ஸ்தாபனம் 24 நாடுகளிலே, 373 வைத்தியசாலைகளில், ஏறத்தாழ மூன்று இலட்சம் பேறுகளைக் கணக்கெடுத்தது. அவற்றுள் தூண்டப்பட்டவை நூற்றுக்கு 9.6. மிகக் குறைந்த நாடு ஆபிரிக்காவின் நைஜர், நூற்றுக்கு 1.4. மிகக் கூடிய நாடு எதுவென்றால், நேயர்களே, நமது இலங்கைதான்; நூற்றுக்கு 35.5. தேர்ந்தெடுத்த வைத்தியசாலைகளின் கணக்கு அது. நாடு முழுவதற்குமான கணக்கன்று. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! 1985இல் அதே ஸ்தாபனம், எந்தப் பிரதேசத்திலும் இது நூற்றுக்குப் பத்தை மிஞ்சலாகாது என்று கூறியிருந்தது.

நைஜரைப் பார்த்து நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை. தூண்ட வேண்டிய பெண்ணுக்கும் தூண்டுவதற்கு வழியில்லாத நாடு அது. நாள் கடந்துபோன கருவை, குருதியழுத்தம் ஏறிய தாயை, பனிக்குடம் உடைந்தும் வலி எழாதவளைக் காத்திருக்கச் சொல்வது கொடுமை. 2018இல் அமெரிக்காவிலே 6,106 முதற்பேற்றுப் பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று, 39ஆம் வாரத்திலே தூண்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 பேருக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று என்று கண்டது. ஆகவே தூண்டுதலே தீது என்பாரோடு நான் உடன்படேன். ஆனால் அவ்வாய்வு நடந்த இடங்கள் நல்ல வசதியுள்ள வைத்தியசாலைகள். அங்கே குழந்தையின் துடிப்பைக் கண்காணிப்பதற்கு ஆளும் கருவியும் இருந்தன. அந்த எண்ணை மாத்திரம் எடுத்துக்கொண்டு கண்காணிப்பை விட்டுவிட்டால், டப்ளினைப் பின்பற்றியவர்கள் செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம்.

கடல் கடந்த தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சிசிலியா வான் ஹொலன் என்னும் மானிடவியலாளர் 1990களில் அங்குள்ள ஏழைப் பெண்களோடு பழகி எழுதிய நூல் 2003இல் வெளியாயிற்று. அரசாங்க மருத்துவமனைகளிலே ஒக்சிடோசின் ஏறக்குறைய வழக்கமாகவே கொடுக்கப்பட்டதை அது விவரிக்கின்றது. நெருக்கடியான கூடங்களிலே கட்டில் விரைவாகக் காலியாக வேண்டிய நிர்ப்பந்தம் ஒருபுறம். வலி எடுக்க மருந்து கொடுங்கள் என்று பெண்களே கேட்டது மறுபுறம். நன்றாக வலித்தால்தான் நல்ல பேறு என்னும் நம் பழைய எண்ணம், புதிய மருந்தோடு இப்படிக் கைகோத்துக்கொண்டது. வலியைத் தணிக்க மருந்து கேட்கும் மேல்நாட்டுப் பெண்ணையும், வலியைக் கூட்ட மருந்து கேட்கும் நம் பெண்ணையும் நினைத்துப் பார்க்கிறேன். இருவருக்கும், கேட்ட மருந்து என்ன செய்யும் என்று சொல்ல வேண்டிய கடமை கொடுப்பவருக்கு உண்டல்லவா?

என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலிக்கிடையிலே ஓய்வு குறைந்தால் குழந்தையின் துடிப்புத் தளரும். பல பிள்ளை பெற்ற கருப்பையும் தழும்புள்ள கருப்பையும் கிழியக்கூடும். நீண்ட நேரம் மருந்தால் உழைத்த தசை, குழந்தை பிறந்தபின் சுருங்க மறுத்தால் குருதி பெருகும். ஒக்சிடோசின் சிறுநீரைத் தடுக்கும் சுரப்புக்கு உறவுடையதாதலால், அதிக அளவில் வெறும் நீர்க்கரைசலோடு நீண்ட நேரம் ஏற்றினால் உடலிலே நீர் தேங்கி வலிப்புக் காணலாம். கருப்பை வாய் கனியாதிருக்கும்போது தூண்டினால் முயற்சி பலியாது சத்திரசிகிச்சையில் முடியலாம். அவ்வாய் எவ்வளவு கனிந்திருக்கின்றது என்பதை எண்ணாலே மதிப்பிடும் முறையை எட்வர்ட் பிஷப் என்னும் அமெரிக்கர் 1964இல் வகுத்துத் தந்தது அதற்காகவே. இவையெல்லாம் எல்லோருக்கும் நேர்வன அல்ல. பக்கத்தில் ஆளிருந்தால் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே தென்பட்டுவிடும்.

மலையகத்தில் இப்போது லொறிக்குப் பதில் அம்புலன்ஸ் வருகின்றது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சேவை 2016இலே தென், மேல் மாகாணங்களில் தொடங்கிப் படிப்படியாகத் தீவெங்கும் பரவிற்று. ஆயினும் மழைநாளிலே மண் சரிந்த பாதை பாதைதான். மேற்கணக்கிலிருந்து கீழே இறங்கும் தூரம் தூரந்தான். அதனால் எங்கள் பாடசாலைக்கு வரும் தாய்மார் கூட்டங்களிலே, வைத்தியசாலையில் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவற்றை மருத்துவமாது சொல்லிக் கொடுக்கும்போது நானும் ஓரமாக நின்று கேட்பதுண்டு. எனக்கு ஏன் தூண்டுகிறீர்கள்? இன்னும் சில நாள் பொறுத்தால் என்ன? தருவது எந்த மருந்து? முன்னர் சத்திரசிகிச்சை செய்தவள் என்பது உங்கள் ஏட்டில் எழுதியிருக்கிறதா? இவற்றைக் கேட்க முதலில் கூச்சப்பட்டவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் இளம் ஆசிரியை ஒருவருக்கு நாள் கடந்துபோய்ச் சொட்டு மருந்து ஏற்றினார்கள். பத்து மணி அளவில் வலி ஒன்றன்மேல் ஒன்றாக வரத் தொடங்கிற்றாம். கட்டிலருகே நின்ற மருத்துவமாது துடிப்பைக் கேட்டார்; உடனே கையை நீட்டித் திருகை மூடினார்; ஆசிரியையை இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார். சிறிது நேரத்திலே வலி தளர்ந்தது, துடிப்பு நேரானது. ஒரு மணி நேரம் சென்றபின் பாதி அளவிலே மீண்டும் திறந்தார்கள். பிற்பகலிலே பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து வந்த ஆசிரியை இதனை என்னிடம் சொன்னபோது, அந்தத் திருகு எப்பக்கமாகத் திரும்பியது என்று நான் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. “அதையெல்லாம் யார் சேர் பார்த்தது?” என்றார்.

கோடிக் காம்பிராவின் பெரியம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.